சுங்கை சிப்புட் மாடிக் கம்ப்யூட்டர் கடை: முதலில் டிஸ்க்குக்குக் காப்பி, அப்புறம்தான் ரிப்பேர்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: ஐந்து நட்சத்திரத்துக்கு நாலு. குறைத்த ஒன்று ரசீதுக்கும் போன் எடுக்காத குணத்துக்கும் சேர்த்து. வேலையில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் கிடைக்கவில்லை. கம்ப்யூட்டர் திறக்கமாட்டேன் என்கிறது, டிஸ்க் எரர் என்று திரையில் ஏதோ ஓடிக்கொண்டே இருக்கிறது, உள்ளே இருப்பது போனால் திரும்பக் கிடைக்காது என்ற நிலைமையில் இருப்பவர்கள், சுங்கை சிப்புட் சுற்றுவட்டாரமாக இருந்தால், ஈப்போவுக்குப் போவதற்கு முன்னால் இங்கே ஒரு தடவை காட்டிவிட்டுப் போங்கள்.

பெரிய கடை என்று நினைத்துப் போகாதீர்கள். டவுனில் பழைய கடைவரிசை, கீழே ஒரு பக்கம் பூமாலை கட்டுகிற கடை, இன்னொரு பக்கம் சீனர் ஒருவரின் மோட்டார் சாமான் கடை, நடுவில் ஒரு ஆள் மட்டும் ஏறக்கூடிய மரப்படி. பெயர்ப்பலகை கிடையாது. பூக்கடை அக்காவிடம் "கம்ப்யூட்டர் தம்பி இருக்காரா" என்று கேட்டால் போதும், அவரே மேலே பார்த்து ஒரு சத்தம் கொடுப்பார். மேலே ஒரே அறை. சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க மூடி கழற்றின லேப்டாப்புகள், ஒவ்வொன்றிலும் மாஸ்கிங் டேப் ஒட்டிப் பேனாவால் எழுதியிருக்கிறது: ஆட்டுக்கறி அண்ணே, தமிழ்ப்பள்ளி ஆபிஸ், கிராணி வீடு. என்னுடையதில் "கோயில், அவசரம்" என்று எழுதினார். அவசரம் என்று நான் சொல்லவே இல்லை, முகத்தைப் பார்த்தே எழுதிவிட்டார் போல.

எங்கள் தோட்டத்து மாரியம்மன் கோயில் லேப்டாப் அது. தோட்டத்தில் லயத்து வீடுகள் பாதிக்கு மேல் காலி, பால்மரம் போய் செம்பனை வந்து எவ்வளவோ வருஷம் ஆகிவிட்டது, நாங்கள் எல்லாரும் டவுன் பக்கம் தாமானுக்கு வந்துவிட்டோம், ஆனாலும் கோயில் அங்கேயேதான். செயலாளர் என்பதால் லேப்டாப் என் வீட்டில் இருக்கிறது. உபயக்காரர் பட்டியல், திருவிழா வரவு செலவு, கூட்டக் குறிப்புகள், பழைய தீமிதி படங்கள், எல்லாம் அதில்தான். பொருளாளரிடம் இருந்த பென்டிரைவில் போன வருஷம் வரைக்கும் கணக்கு இருந்தது, இந்த வருஷத்தது இல்லை. ஆண்டுக்கூட்டம் முடிந்து 60 நாளுக்குள் சங்கப் பதிவிலாகாவுக்கு ஆண்டறிக்கையும் கணக்கும் இரோசஸ் என்ற அவர்களுடைய இணையத்தளம் வழியாகப் போய்ச் சேர்ந்தாக வேண்டும் என்பது கோயில் நிர்வாகத்தில் இருப்பவர்களுக்குத் தெரியும். கூட்டம் முடிந்துவிட்டது. மெஷின் திறக்கவில்லை.

அதன் பேட்டரி எப்போதோ செத்துப்போயிற்று, ப்ளக்கில் செருகியிருந்தால்தான் ஓடும். அப்படிப்பட்ட மெஷினுக்கு நம் பேராக் பக்கத்து மழைச் சாயங்காலம்தான் எமன். இடி இடித்தது, கரண்ட் போனது, திரை கறுத்தது. கரண்ட் வந்த பிறகு திறந்தால் விண்டோஸ் வரவில்லை, சி டிரைவைச் சோதித்துச் சரிசெய்கிறேன் என்று ஒரு வரியும் பக்கத்தில் விழுக்காடும். அந்த விழுக்காடு 11-ல் நின்றது. இரவு முழுக்க விட்டுப் பார்த்தோம், 11 தான். அணைத்துத் திறந்தால் இன்னொரு திரை: டிஸ்க் பிழைகளைச் சரிசெய்கிறேன், ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகலாம். அது முடிந்து தானாக அணைந்து திறந்து, மறுபடி முதல் திரை. காதை வைத்துக் கேட்டால் உள்ளே டிஸ்க் ஒரே இடத்தில் முக்கிக்கொண்டிருப்பது மாதிரி ஒரு சத்தம், கொஞ்சம் நின்று மறுபடி அதே சத்தம்.

இந்தக் கடையைப் பற்றி அப்போது எனக்குத் தெரியாது. ஈப்போவில் ஒரு பேரங்காடிக்குள் இருக்கிற கடைக்குத்தான் முதலில் போனேன், பெயர் வேண்டாம். அழகான கவுன்டர், ஏர்கோன், நம்பர் சீட்டு எல்லாம் உண்டு. பையன் மெஷினைத் திறந்து பத்து நிமிஷம்கூடப் பார்க்கவில்லை. ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் புதிதாகப் போட்டால் 80 ரிங்கிட், உள்ளே இருப்பது போய்விடும், கையெழுத்துப் போடுங்கள் என்று ஒரு தாளை நீட்டினான். டேட்டா வேண்டும் என்றேன். அப்படியானால் விண்டோஸின் செக்டிஸ்க் சோதனையை முழுசாக ஓட்டிப் பார்க்கலாம், எது பிழைக்குமோ அது பிழைக்கும் என்றான். அந்தப் "பிழைக்குமோ" எனக்குப் பிடிக்கவில்லை. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டேன். வருகிற வழியில் பூவாங்க நின்ற இடத்தில்தான் பூக்கடை அக்கா மேலே கையைக் காட்டினார்.

மாடித் தம்பிக்கு முப்பத்தைந்து வயது இருக்கலாம். லேப்டாப்பை வாங்கி, நான் திறக்கச் சொன்னதும் திறக்கவில்லை. என்ன சத்தம் கேட்டது என்று கேட்டார். டக் டக் என்று அடிக்கிற சத்தமா, இல்லை கறகற என்று இழுக்கிற சத்தமா? டக் டக் என்றால் தான் தொடமாட்டேன் என்றார். அது உள்ளே படிக்கும் முனை கெட்டுப்போன அறிகுறி, தூசி இல்லாத அறையில் வைத்துத் திறக்க வேண்டிய வேலை, கோலாலம்பூர் மாதிரி இடத்துக்கு அனுப்ப வேண்டும், செலவும் ஆயிரக்கணக்கில் போகும். தன்னால் ஆகாததை ஆகாது என்று சொல்கிற ரிப்பேர்க்காரரைப் பார்த்து ரொம்ப நாளாயிற்று, எனக்கு அங்கேயே பாதி நம்பிக்கை வந்துவிட்டது. எங்களுடையது கறகற ரகம். சரி என்று உட்காரச் சொன்னார்.

"அண்ணே, இதுல இருக்கற விண்டோஸ இனிமே திறக்கவே வேணாம். திறக்கத் திறக்க அதுவா ரிப்பேர் பண்றேன்னு எழுதும். மொதல்ல இருக்கறத வெளிய எடுத்துருவோம், அப்புறம் ரிப்பேரப் பாப்போம்."

கடையின் மொத்த முறையும் இவ்வளவுதான். கேட்கச் சாதாரணமாக இருக்கிறது, ஆனால் எத்தனை கடையில் இப்படிச் செய்கிறார்கள்?

அவர் ஒரு பென்டிரைவிலிருந்து, விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டத்தைத் திறந்து, எங்கள் டிஸ்க்கில் எதையும் எழுதாமல் அதன் உடல்நிலையை மட்டும் எடுத்துப் பார்த்தார். ஒவ்வொரு ஹார்ட் டிஸ்க்கும் தன்னைப் பற்றித் தானே ஒரு குறிப்பு வைத்துக்கொள்கிறது, ஸ்மார்ட் என்று பெயர். அதில் இரண்டு வரியைத் திரையில் விரல் வைத்துக் காட்டினார். ஒன்று 5-ஆம் எண், கெட்டுப்போன இடத்துக்குப் பதிலாக வேறு இடம் ஒதுக்கியதன் கணக்கு. இன்னொன்று 197, டிஸ்க்கால் படிக்க முடியாமல் போய், முடிவு தெரியாமல் காத்திருக்கும் இடங்களின் கணக்கு. விண்டோஸில் கிரிஸ்டல்டிஸ்க்இன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் பார்ப்பவர்களுக்கு இதே வரி சி5 என்று தெரியும், இரண்டும் ஒன்றுதான், மஞ்சள் நிறத்தில் எச்சரிக்கும். நல்ல டிஸ்க்கில் அங்கே பூஜ்யம் இருக்க வேண்டும். எங்களுடையதில் முந்நூறைத் தாண்டி இருந்தது. கரண்ட் போனதால் மட்டும் வந்த கேடு இல்லை இது, டிஸ்க் ஏற்கனவே போய்க்கொண்டிருந்தது, கரண்ட் போனது ஒரு சாக்கு, என்றார்.

இங்கேதான் ஈப்போக் கடை சொன்னதற்கும் இவர் சொன்னதற்கும் உள்ள வித்தியாசம் எனக்குப் புரிந்தது, கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன், ஏனென்றால் யூடியூப்பில் பாதிப் பேர் "டிஸ்க் எரரா, செக்டிஸ்க் ஆர் போடு" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறார்கள்.

செக்டிஸ்க் என்பது விண்டோஸோடு வருகிற கட்டளை. எஃப் என்று சேர்த்தால் கோப்புகளின் அட்டவணையில் இருக்கும் பிழையைத் திருத்தும். ஆர் என்று சேர்த்தால் அதையும் செய்துவிட்டு, டிஸ்க்கின் ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்க்கும். டிஸ்க் நல்ல உடம்போடு இருந்து, கரண்ட் போனதில் அட்டவணை மட்டும் குழம்பியிருந்தால், இதைவிட நல்ல மருந்து இல்லை, வீட்டிலேயே செய்யலாம், காசு கொடுத்துக் கடைக்குப் போக வேண்டியதில்லை. ஆனால் டிஸ்க்கே சாகக் கிடக்கும்போது ஆர் போட்டால் கெட்ட இடத்தை விட்டுவைக்காமல் திரும்பத் திரும்பப் படிக்கச் சொல்லும், நோஞ்சான் டிஸ்க் அதிலேயே போய்ச் சேர்ந்துவிடலாம். அதைவிட மோசம், அட்டவணையின் ஒரு பகுதியையே படிக்க முடியவில்லை என்றால், அந்தக் கோப்பு இல்லவே இல்லை என்று முடிவுகட்டி வரியை அடித்துவிடும். அட்டவணைத் துண்டு பிழைத்திருந்தாலும் எந்தக் கோப்பு, எந்த ஃபோல்டர் என்ற தொடர்பு அறுந்துபோனவற்றை ஃபவுண்ட் என்று தொடங்கும் ஒரு ஃபோல்டரில், ஃபைல் 0000, ஃபைல் 0001 என்று பெயர் மாற்றிக் கொட்டிவைக்கும். 2019 தைப்பூசப் படம் எது, உபயக்காரர் பட்டியல் எது என்று அப்புறம் ஆயிரம் கோப்பைத் திறந்து திறந்து தேட வேண்டியதுதான். செக்டிஸ்க்குக்கு உங்கள் கோப்பு முக்கியம் இல்லை, அட்டவணை ஒழுங்காக இருப்பதுதான் முக்கியம். தம்பி இதைச் சொன்னபோது நான் உடனே கோயில் தணிக்கையாளரை நினைத்துக்கொண்டேன், அது வேறு கதை.

சரி, உள்ளே இருப்பதை முதலில் காப்பி எடுப்பது எப்படி? அவர் பயன்படுத்துவது டிடிரெஸ்கியூ என்ற லினக்ஸ் கருவி, இலவசம்தான். சாதாரணமாகக் காப்பி எடுத்தால் கெட்ட இடம் வந்ததும் அங்கேயே மாட்டிக்கொண்டு நிற்கும். இது அப்படி இல்லை, முதல் சுற்றில் சிரமம் கொடுக்கிற இடத்தை எல்லாம் தாண்டிப்போய், நல்லபடியாகப் படிக்க முடிந்ததை முதலில் அள்ளிக்கொள்ளும், அப்புறம்தான் விட்ட இடங்களுக்குத் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எது எடுத்தாயிற்று, எது பாக்கி என்று ஒரு வரைபடக் கோப்பில் குறித்துக்கொண்டே போகும். நடுவில் கரண்ட் போனாலும் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நம் ஊருக்கு என்றே செய்த மாதிரி இருக்கிறது! கடையில் மேசைக்குக் கீழே, கரண்ட் போனாலும் கொஞ்ச நேரம் தாங்குகிற யூபிஎஸ் இரண்டு வைத்திருக்கிறார், அதையும் சொல்ல வேண்டும், ஈப்போக் கடையில் நான் ஒன்றுகூடப் பார்க்கவில்லை.

காப்பி போய்ச் சேருவதற்குப் புதிய எஸ்எஸ்டி, அதாவது சுழலும் தட்டு இல்லாத டிஸ்க், ஒன்று வாங்க வேண்டும். இதில் ஒரு நுணுக்கம். எங்கள் பழைய டிஸ்க் 500 ஜிபி. அவரிடம் 480 ஜிபி எஸ்எஸ்டி மலிவாக இருந்தது, அதையே போடுங்கள் தம்பி என்றேன், மாட்டேன் என்றார். டிஸ்க்கை முழுசாக இடத்துக்கு இடம் காப்பி எடுக்கும்போது வாங்குகிற பக்கம் கொடுக்கிற பக்கத்துக்குச் சமமாகவோ பெரிதாகவோ இருந்தாக வேண்டும், உள்ளே பாதி காலியாக இருந்தாலும் சரி. கணக்குப் பார்த்தால் முப்பது நாற்பது ரிங்கிட் கூடத்தான் ஆயிற்று, ஆனால் காரணம் சொல்லித்தான் வாங்கவைத்தார், அதனால் வருத்தம் இல்லை. இணையத்தில் வாங்கினால் இன்னும் கொஞ்சம் மலிவு என்பதையும் அவரே சொன்னார், வந்து சேரும்வரை காத்திருக்க முடியுமானால் வாங்கி வாருங்கள் என்றார். 60 நாள் ஓடிக்கொண்டிருக்கிறதே, காத்திருக்க முடியவில்லை.

வேலை நாள்கணக்கில் இழுத்தது. முதலில் விறுவிறு என்று போய், கடைசிப் பகுதியில் எறும்பு வேகம் என்று வாட்சாப்பில் படம் அனுப்பினார். முடிவில் முழு டிஸ்க்கில் மிகச் சிறிய அளவு தவிர மற்றதெல்லாம் வந்துவிட்டது. பழைய டிஸ்க்கை ஒரு உறையில் போட்டு ஓரமாக வைத்துவிட்டு, காப்பியின் மேல்தான் ரிப்பேரைத் தொடங்கினார். இப்போது தாராளமாக செக்டிஸ்க், ஏனென்றால் காப்பி கெட்டாலும் பழைய டிஸ்க் உறைக்குள் தொடாமல் இருக்கிறது. இங்கே இன்னொன்றும் கற்றுக்கொண்டேன்: பழைய டிஸ்க்கில் "இந்த இடம் கெட்டது, தொடாதே" என்று விண்டோஸ் குறித்துவைத்திருந்ததும் காப்பியோடு சேர்ந்து வந்துவிடுமாம், புதிய எஸ்எஸ்டியில் அந்த இடம் நன்றாக இருந்தாலும். அந்தப் பழைய குறிப்பை அழித்து முழுசாக மறுபரிசீலனை செய்ய செக்டிஸ்க்கில் பி என்று ஒரு வகை இருக்கிறது, அதைப் போட்டார்.

அப்புறமும் விண்டோஸ் திறக்கவில்லை, திறப்பதற்கான கோப்புகள் கெட்டிருந்தன. பூட்ரெக் என்கிற கட்டளையை எல்லாரும் சொல்வார்கள், அதில் ஃபிக்ஸ்பூட் போட்டால் விண்டோஸ் 10-ல் பல மெஷினில் "அனுமதி இல்லை" என்று முகத்தில் அடிக்கும், எங்களுடையதிலும் அடித்தது. பிசிடிபூட் என்று வேறொரு கட்டளையால் திறப்புக் கோப்புகளைப் புதிதாக எழுதினார். வீட்டில் இதை முயல்பவர்களுக்கு ஒரு எச்சரிக்கை: ரிப்பேர்த் திரையில் கட்டளை அடிக்கும்போது உங்கள் சி டிரைவ் அங்கே டி என்றோ வேறு எழுத்திலோ இருக்கலாம், எது எது என்று பார்த்துவிட்டு அடியுங்கள். கடைசியில் எஸ்எஃப்சி ஓட்டி விண்டோஸின் சொந்தக் கோப்புகளைச் சரிபார்த்தார். திறந்தது.

என்னை முன்னால் உட்காரவைத்து ஒவ்வொன்றாகத் திறந்து காட்டினார், அது எனக்கு மிகவும் பிடித்தது. வரவு செலவு எக்செல் கோப்பு, சுத்தம். உபயக்காரர் பட்டியல், சுத்தம். கூட்டக் குறிப்பில் ஒன்று திறக்கவில்லை, அது தாளில் இருக்கிறது. படங்களில் சில அடிபட்டிருந்தன. தீமிதிப் படம் ஒன்றில் மேல் பாதியில் கரகமும் வேப்பிலையும் முகங்களும் நன்றாகத் தெரிகின்றன, கீழ்ப் பாதி முழுக்கச் சாம்பல் நிறக் கட்டம், நெருப்பு இருக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. படிக்க முடியாமல் போன இடங்கள் இவைதான் என்று வரைபடக் கோப்பை வைத்துச் சொன்னார். இன்னும் போராடி எடுக்கலாமா என்றேன், பழைய டிஸ்க் இன்னும் எவ்வளவு தாங்கும் என்று சொல்ல முடியாது, இதற்காக உங்களிடம் காசு வாங்க மனசு வரவில்லை என்றார்.

காசு விஷயம். சோதித்துப் பார்க்க 30 ரிங்கிட், ரிப்பேர் செய்தால் அதைக் கழித்துக்கொள்கிறார். காப்பி எடுத்து ரிப்பேர் செய்ய 150. எஸ்எஸ்டி தனி. பேட்டரி மாற்றச் சொன்னார், அதையும் மாற்றினோம், தனிக் காசு. மொத்தம் பார்க்கும்போது ஈப்போக் கடையின் 80 ரிங்கிட் மலிவாகத் தெரியும். அங்கே 80-க்கு எங்களுக்குக் கிடைத்திருக்கக்கூடியது சாகப்போகிற டிஸ்க்கில் புதிய விண்டோஸ், காலியான ஃபோல்டர்கள். நிர்வாகக் கூட்டத்தில் ஒருவர் "புது லேப்டாப்பே வாங்கியிருக்கலாமே செயலாளரே" என்று கேட்டார். வாங்கலாம் ஐயா, கணக்கை யார் எழுதித் தருவது?

விண்டோஸ் 10-க்கு 2025 அக்டோபர் 14-உடன் மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்திவிட்டது என்பதையும் தம்பி எடுத்துச் சொன்னார். எங்கள் மெஷின் விண்டோஸ் 11-க்குத் தகுதி இல்லை, ப்ராசஸர் பழசு. குறுக்கு வழியில் போட்டுத்தருகிற கடைகள் இருக்கின்றன, இவர் செய்யவில்லை, கணக்கு எழுத மட்டும் வைத்துக்கொண்டு இணைய வேலையை வேறு மெஷினில் பாருங்கள் என்றார். எனக்கு அது போதும். இரோசஸ் வேலையைப் பொருளாளர் வீட்டுக் கம்ப்யூட்டரில் முடித்தோம்.

நான் உட்கார்ந்திருந்த நேரத்தில் ஒரு பெரியவர் தோட்டத்திலிருந்து டெஸ்க்டாப் சிபியுவை மோட்டாரில் கட்டிக்கொண்டு வந்தார், பேத்தியின் எஸ்.பி.எம். பரீட்சைப் பாடங்கள் அதில் இருக்கிறதாம். அதே கதை, திறக்கும்போதெல்லாம் டிஸ்க் எரர். நான் என்னமோ அனுபவசாலி மாதிரி, டிஸ்க் போயிருக்கும் என்று பெரியவருக்கு ஆறுதல் சொல்லத் தயாராகிவிட்டேன். தம்பி ஸ்மார்ட் குறிப்பை எடுத்தார். 5 பூஜ்யம், 197 பூஜ்யம், ஆனால் 199 ஏறிக்கிடந்தது. 199 என்றால் விண்டோஸ் கணக்கில் சி7, டிஸ்க்குக்கும் போர்டுக்கும் நடுவில் தகவல் போகும்போது சிதைவதன் எண்ணிக்கை, பெரும்பாலும் கேபிள்தான் காரணம். பழைய சாட்டா கேபிளைக் கழற்றிப் பார்த்தால் முனையில் கரப்பான் முட்டை. கேபிள் மாற்றினார், செக்டிஸ்க் எஃப் மட்டும் ஓட்டினார், திறந்துவிட்டது. பத்து ரிங்கிட். பெரியவர் இருபதாகக் கொடுத்தார், பாக்கியைத் திருப்பிக் கொடுத்துவிட்டார். "அங்கிள், இது வேற, டிஸ்க்குக்கு ஒண்ணும் இல்ல" என்று மூன்று தடவை சொல்ல வேண்டியிருந்தது, பெரியவருக்கு நம்பிக்கையே வரவில்லை.

அப்புறம் என் தங்கை மகள் விஷயம். தஞ்சோங் மாலிமில் உப்சி பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள், கையில் பழைய இன்டெல் மேக்புக். அசைன்மென்ட் நேரத்தில் சார்ஜ் தீர்ந்து அணைந்துவிட்டது, திறந்த பிறகு ஆமை வேகம். டிஸ்க் யூட்டிலிட்டியில் ஃபர்ஸ்ட் எய்ட் ஓட்டினால் பிழை இருக்கிறது, ரெக்கவரியிலிருந்து திறந்து சரிசெய் என்கிறது. "மாமா, உங்க கடைக்காரர்கிட்ட கேளுங்க" என்று வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு வரப் பார்த்தாள். தம்பிக்கு வாட்சாப் போட்டேன். கொண்டுவர வேண்டாம் என்று குரல் பதிவு வந்தது, அதை அப்படியே அவளுக்கு அனுப்பினேன்.

அவர் சொன்னது இதுதான். மேக் எந்த டிஸ்க்கிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறதோ அதை ஓடும்போதே முழுசாகச் சரிசெய்ய முடியாது, ஓடுகிற மோட்டாருக்கு டயர் மாற்ற முடியாது அல்லவா. அதனால் ரெக்கவரி என்று தனியாக ஒரு சின்ன சிஸ்டம் உள்ளேயே இருக்கிறது. இன்டெல் மேக் என்றால் அணைத்துவிட்டு, திறக்கும்போது கமாண்ட், ஆர் இரண்டையும் சேர்த்து அழுத்திப் பிடிக்க வேண்டும். எம்1 சிப் தொடங்கி அதற்குப் பிறகு வந்த மேக் என்றால் பவர் பட்டனையே, தொடக்கத் தேர்வுகள் வருகிறது என்று திரையில் தெரியும்வரை, விடாமல் அழுத்த வேண்டும். அங்கே டிஸ்க் யூட்டிலிட்டியைத் திறந்து, வியூ மெனுவில் எல்லாச் சாதனங்களையும் காட்டு என்று தேர்ந்தெடுத்து, கீழிருந்து மேலே போக வேண்டும்: முதலில் வால்யூம்கள், அப்புறம் அவற்றை வைத்திருக்கும் கன்டெய்னர், கடைசியில்தான் டிஸ்க். பலர் மேலே இருப்பதை மட்டும் ஒரு தடவை தட்டிவிட்டு, ஆயிற்று என்று மூடிவிடுகிறார்களாம். அதற்கு முன்னால் மேக் இன்னும் திறக்கிறது என்பதால் அசைன்மென்ட்டை வெளி டிஸ்க்குக்குக் காப்பி எடுத்துக்கொள் என்பதுதான் முதல் வரியே, கேட்க வேண்டுமா.

அவள் செய்தாள், சரியாகிவிட்டது. தம்பி ஒரு காசு வாங்கவில்லை. அதே பிழை மறுபடி மறுபடி வந்தால் மட்டும் கொண்டுவா, அப்போது காப்பி எடுத்து, அழித்துப் புதிதாகப் போட வேண்டியிருக்கும் என்றார்.

மேக் வைத்திருக்கும் பழைய ஆட்களுக்காக ஒன்று. 2011-ல் லயன் என்ற மேக் சிஸ்டம் வந்த பிறகுதான் இந்த ரெக்கவரி டிஸ்க்கிலேயே சேர்ந்து வந்தது, அதற்கு முன்னால் சிஸ்டம் டிவிடியைத் தேடி எடுத்துப் போட்டுத்தான் திறக்க வேண்டும், டிவிடி எந்தப் பெட்டியில் என்று வீட்டையே கவிழ்ப்போம். ரிப்பேர் பெர்மிஷன்ஸ் என்று ஒரு பட்டன் இருந்ததே, எல்லாக் கோளாறுக்கும் அதைத் தட்டுவோமே, அது 2015-ல் எல் கேப்பிட்டனோடு போய்விட்டது, இன்னும் அதைத் தேடிக்கொண்டிருக்க வேண்டாம். டிஸ்க்வாரியர் என்ற பழைய காலத்து ரிப்பேர் மென்பொருளை வாங்கிவைத்திருப்பவர்களும் கவனிக்க: 2017-ல் ஆப்பிள் கொண்டுவந்த ஏபிஎஃப்எஸ் கோப்பு அமைப்பில் இருக்கும் டிஸ்க்கை அது சரிசெய்யாது, பழைய எச்எஃப்எஸ் பிளஸுக்குத்தான்.

இனிக் குறைகள், ஒரு நட்சத்திரத்துக்கு உரியவை. போன் அடித்தால் எடுக்கவே மாட்டார். வாட்சாப்பில் பதில் வரும், ஆனால் எப்போது என்று கேட்காதீர்கள், ராத்திரி பதினொன்றுக்கும் வரும். பத்து மணிக்குத் திறப்பதாகச் சொல்கிறார், பூக்கடை அக்காவே பதினொன்றுக்கு வாங்க என்கிறார். மரப்படி செங்குத்து, முட்டிவலிக்காரர்கள் கீழேயே கொடுத்துவிடலாம், அக்கா வாங்கி மேலே அனுப்புவார். காடி நிறுத்த இடம் கிடைக்காது, மோட்டார் என்றால் பிரச்சினை இல்லை. ரசீது கேட்டால் நோட்டுப் புத்தகத்தாளில் "கோயில் லேப்டாப், டிஸ்க், பேட்டரி" என்று கிறுக்கி மொத்தத் தொகையைப் போட்டுக் கொடுத்தார். தம்பி, இதைக் கோயில் கணக்கில் காட்டினால் கூட்டத்தில் என்னைப் பிரித்து மேய்ந்துவிடுவார்கள் என்று சொல்லி, முத்திரையோடு ஒவ்வொன்றும் தனித்தனி விலையாக எழுதி வாங்க வேண்டியதாயிற்று. முத்திரை இருக்கிறது, தேடத்தான் நேரம் எடுத்தது.

இன்னொன்று, வேலை எப்போது முடியும் என்று உறுதியாகச் சொல்லமாட்டார். கெட்ட டிஸ்க் எப்போது முடியும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பது உண்மைதான், ஆனாலும் அவசரத்தில் இருக்கிற மனிதனுக்கு அந்தப் பதில் ஆத்திரம் வரவழைக்கும். சாதாரண விண்டோஸ் போடுகிற வேலைக்கு, அவசரமாக வேண்டுபவர்களுக்கு, இந்தக் கடையைச் சொல்லமாட்டேன், டவுனில் வேறு கடைகள் இருக்கின்றன, மத்தியானம் கொடுத்தால் சாயங்காலம் கிடைக்கும்.

போகிறவர்கள் சார்ஜரையும் பாஸ்வேர்டையும் கொண்டுபோங்கள். புதிய விண்டோஸ் 11 லேப்டாப் வைத்திருந்தால் டிஸ்க்கைப் பூட்டிவைக்கிற பிட்லாக்கரின் சாவியையும் எடுத்துக்கொள்ளுங்கள். நீங்கள் எதுவும் செய்யாமலே பல மெஷினில் அது பூட்டப்பட்டிருக்கும், ரிப்பேர்த் திரைக்குப் போனதும் 48 இலக்க எண் கேட்கும். எந்த மைக்ரோசாஃப்ட் கணக்கால் மெஷினைத் திறக்கிறீர்களோ அதே கணக்கில் இணையத்தில் நுழைந்தால் பெரும்பாலும் அந்த எண் கிடைக்கும், கைப்பேசியிலேயே பார்க்கலாம். அது இல்லை என்றால் காப்பி எடுத்தும் பயன் இல்லை, உள்ளே இருப்பதைப் படிக்க முடியாது. நான் போயிருந்தபோது ஒரு டீச்சரம்மா இதற்காகவே பள்ளிக்கணக்கின் பாஸ்வேர்டைத் தேடி யார் யாருக்கோ போன் அடித்துக்கொண்டிருந்தார். ஞாயிற்றுக்கிழமை கடை கிடையாது, தீபாவளிக்கும் தைப்பூசத்துக்கும் முன்பின் ஒரு வாரம் எட்டிப்பார்க்க வேண்டாம், வாட்சாப்பில் கேட்டுவிட்டே கிளம்புங்கள்.